கோமாளியும் துரோகியும்: வெகுஜனக் கதைகளில் உக்ரைனியருக்குக் கிடைத்த இடம்

2004ஆம் ஆண்டு ரஷ்யாவின் எஸ்.டி.எஸ். தொலைக்காட்சியில் 'என் அழகான ஆயா' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. அமெரிக்காவில் 1993 முதல் 1999 வரை ஓடிய 'தி நேனி' தொடரின் உரிமையை வாங்கி மாஸ்கோவுக்கு ஏற்றபடி எடுத்தது. மூலக்கதை எளியது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த யூதப் பெண் ஃபிரான், மன்ஹாட்டனில் வாழும் பணக்கார நாடகத் தயாரிப்பாளர் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்கிறாள். மூக்கால் பேசுவாள். பளபளவென்று உடுத்துவாள். மனதில் பட்டதை அப்படியே கொட்டுவாள். அந்த வீட்டின் அடக்கமும் இவளுடைய ஆரவாரமும் மோதும் இடங்களில் சிரிப்பு பிறக்கும்.

இதை மாஸ்கோவுக்குக் கொண்டுவரும்போது ஒரு கேள்வி தானாகவே எழும். குயின்ஸ் பெண்ணுக்கு இங்கே ஈடு யார்? வாயைத் திறந்ததுமே மாஸ்கோ பார்வையாளரைச் சிரிக்கவைக்கக் கூடியவள் யார்? எந்த ஊர்க்காரி கதவைத் தட்டினால் 'இவள் நம் வகையல்ல, ஆனால் ஆபத்தில்லாதவள்' என்று விளக்கம் இல்லாமலே புரியும்? தொடரை எடுத்தவர்கள் தேர்ந்த விடை, விகா புருத்கோவ்ஸ்கயா. ஊர், உக்ரைனின் மரியுபோல்.

இந்த ஆய்வு அந்தத் தேர்வைப் பற்றியது. அமெரிக்க யூதப் பெண்ணின் இடத்தில் உக்ரைனியப் பெண்ணை வைத்தபோது யாரும் திடுக்கிடவில்லை. தொடர் பெரும் வெற்றி பெற்றது, இடைவெளி விட்டு 2009 வரை ஓடியது. அவ்வளவு இயல்பாக அந்த இடம் பொருந்தியது என்றால் அது முன்பே தயாராக இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து, யாருடைய கையால் என்று பார்ப்பதே என் நோக்கம்.

விகாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் கெட்டவள் அல்ல. குழந்தைகள் அவளிடம் ஒட்டிக்கொள்கிறார்கள், வீட்டுக்காரர் கடைசியில் அவளைக் காதலிக்கிறார். பார்வையாளர்களும் அவளை உண்மையாகவே நேசித்தார்கள். நடித்த அனஸ்தாசியா ஸவரத்ன்யூக் வோல்கா நதிக்கரையில் உள்ள அஸ்திரகானில் பிறந்தவர். உக்ரைன் வாடை வீசும் அந்த உச்சரிப்பு, வேடத்துக்காக அவர் போட்டுக்கொண்டது. மரியுபோல் என்ற பெயர் இருந்ததே தவிர, தொடரில் அந்த நகரம் இல்லை. உண்மையான மரியுபோல், அசோவ் கடற்கரையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த துறைமுகம். இரண்டு மாபெரும் எஃகு ஆலைகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரிமியாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட கிரேக்கர்களின் வழிவந்தோர் பலர் அங்கே இருந்தார்கள். அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ரஷ்ய மொழி. உலைக்களத்தின் முன் நின்று உழைத்த தொழிலாளர்களின் ஊரை, வேடிக்கையாகப் பேசும் பட்டிக்காட்டின் மறுபெயராக மாற்ற முடிந்தது. உக்ரைன் என்ற சொல்லைக் கேட்டதும் நகரமோ ஆலையோ பல்கலைக்கழகமோ அந்தப் பார்வையாளர் மனதில் வராது என்பது எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று ஆண்டுகளில் பிறந்த இரண்டு வேடங்கள்

ரஷ்ய மொழிக் கதைகளில் உக்ரைனியருக்கு நெடுங்காலம் இரண்டே வேடங்கள்தான். ஒன்று, பாட்டும் குடியும் பன்றிக்கொழுப்புத் தீனியும் வெகுளித்தனமும் கொண்ட கிராமத்துக் கோமாளி. மற்றொன்று, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யும் துரோகி. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இலக்கியத்தில் நிலைபெற்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

1829இல் புஷ்கினின் 'பொல்தாவா' என்ற நெடுங்கவிதை வெளிவந்தது. 1708இல் மகா பீட்டரை விட்டு ஸ்வீடன் மன்னரோடு சேர்ந்து, 1709 பொல்தாவா போரில் அவர் பக்கம் நின்ற உக்ரைனின் கொசாக் படைத்தலைவர் இவான் மசேப்பா அதில் இரக்கமற்ற துரோகி. தன் மக்களின் உரிமைகளுக்காக ஒரு தலைவர் அணி மாறினார் என்று வாசிக்கவும் வரலாற்றில் இடமுண்டு. கவிதையில் அதற்கு இடமில்லை.

அதே 1829இல், பொல்தாவா பகுதியில் பிறந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு வேலை தேடிப் போன இருபது வயது இளைஞர் ஒருவர் தன் தாய்க்குக் கடிதம் எழுதினார். நம் ஊர்ப் பெண்கள் என்ன உடுத்துவார்கள், கல்யாணச் சடங்குகள் எப்படி, நீர்த்தேவதைகளைப் பற்றி என்ன கதை சொல்வார்கள், எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்புங்கள்; இங்கே எல்லோருக்கும் நம் நாட்டு விஷயங்களில் ஒரே மோகம் என்று கேட்டார். அந்த இளைஞர் நிகோலாய் கோகோல். அப்படித் திரட்டிய செய்திகள் 1831–32இல் இரண்டு தொகுதிகளாக வந்த திக்கான்கா கதைகளுக்கு உரமாயின. தேனீ வளர்ப்பவர் ருதி பான்கோ சொல்வதாக அமைந்த கதைகள்: பேய்கள், சந்தை, உளறும் குடிகாரர்கள், சாமர்த்தியக்காரப் பெண்கள். கோகோலின் மேதைமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நம்மில் பலர் அவரை ரஷ்ய எழுத்தாளர் என்றே படித்து வளர்ந்தோம், அந்தக் கதைகளின் மயக்கம் இன்றும் தீரவில்லை. ஆனாலும் தலைநகரத்துச் சந்தை என்ன கேட்டதோ அதை அந்த இளைஞர் கொடுத்தார். கேட்டது, சிரிக்கவும் நடுங்கவும் வைக்கும் ஒரு தென்னாட்டு கிராமம்.

உக்ரைனியர்கள் இதை அப்போதே உணரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கோகோலின் கதைகளுக்கும் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1819இல், இவான் கொத்லியாரெவ்ஸ்கியின் 'நத்தால்கா பொல்தாவ்கா' நாடகம் பொல்தாவாவில் மேடையேறியது. அதற்கு முன் ஷஹோவ்ஸ்கோய் என்ற ரஷ்ய நாடகாசிரியர் 'கொசாக் கவிஞன்' என்ற இசை நாடகத்தில் உக்ரைனியர்களை மேடையேற்றியிருந்தார். கொத்லியாரெவ்ஸ்கியின் பாத்திரங்கள் மேடையிலேயே அந்த நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நம் நாட்டைக் கண்ணால் பார்த்திராத, நம் வழக்கமும் நம்பிக்கையும் அறியாத ஒரு ரஷ்யன் நம் பேச்சில் நம்மைப் பற்றி எழுதப் புறப்பட்டது சரியில்லை என்கிறது ஒரு பாத்திரம். இரு நூறாண்டு பழமையான அந்த மனக்குறையை இன்று ஓர் உக்ரைனியர் ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லலாம்.

சட்டம் எழுதிய நாடகம்

இனப் படிமங்கள் மக்கள் மனதில் தாமாக ஊறி வருபவை என்று பொதுவாக நினைக்கிறோம். உக்ரைனியர் விஷயத்தில் ரஷ்யப் பேரரசின் ஆணைகளுக்கும் அதில் நேரடிப் பங்கு உண்டு. இந்த வரலாற்றில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தனியான 'சிறிய ரஷ்ய' (உக்ரைனியத்துக்குப் பேரரசு வைத்த பெயர்) மொழி என்று ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற வாசகம் அதில் வருகிறது. சமய நூல்களும் பாடநூல்களும் உக்ரைனிய மொழியில் அச்சாவது நின்றது. 1876இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்விலிருந்தபோது, இன்னும் கடுமையான ஆணையில் கையொப்பமிட்டார். வெளிநாட்டிலிருந்து உக்ரைனிய நூல்களைக் கொண்டுவரத் தடை. மேடை நாடகத்துக்குத் தடை.

1881இல் நாடகத் தடை ஓரளவு தளர்ந்தது. தளர்த்திய விதம் தடையைவிட ஆழமான வடுவை விட்டது என்பேன். ஆளுநரின் அனுமதி வேண்டும். உக்ரைனிய நாடகத்தோடு அதே மாலையில் ஒரு ரஷ்ய நாடகத்தையும் போட வேண்டும். தணிக்கையாளர்கள் கிராமத்து வாழ்க்கையை அனுமதிப்பார்கள். படித்தவர்கள் உக்ரைனிய மொழியில் பேசும் காட்சியை வெட்டுவார்கள். வரலாற்று நாடகங்களில் கை வைப்பார்கள். பிறமொழி நாடகங்களின் மொழிபெயர்ப்புக்கு இடமே இல்லை. ஷேக்ஸ்பியரின் மன்னன் உக்ரைனிய மொழியில் பேசக் கூடாது. குடித்துவிட்டு வேலியைத் தாண்டும் குடியானவன் தாராளமாகப் பேசலாம்.

இந்தக் கூண்டுக்குள்தான் மார்க்கோ குரோப்பிவ்னித்ஸ்கி, இவான் கார்ப்பென்கோ-காரி, மரியா ஸன்கோவெத்ஸ்கா போன்ற பெருங்கலைஞர்கள் உக்ரைனிய நாடக மரபைக் கட்டி எழுப்பினார்கள். 1897இல் மாஸ்கோவில் கூடிய மேடைக் கலைஞர் மாநாட்டில் கார்ப்பென்கோ-காரி எழுதிய முறையீட்டை அவருடைய தம்பியும் நடிகருமான பனாஸ் சக்சகான்ஸ்கி வாசித்தார். எங்களை ஒரே வகை நாடகத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் இந்தக் குழுக்களுக்கு ஆரவார வரவேற்பு. ஆட்டமும் பாட்டும் அகன்ற கால்சட்டையுமாக அவர்கள் வந்து போனார்கள். உக்ரைனியர் என்றால் இதுதான் என்று தலைநகரங்கள் முடிவுசெய்தன. இதைத் தவிர வேறெதையும் காட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதைப் பார்வையாளர் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

பேரரசு விழுந்த பிறகு கதவு சில ஆண்டுகள் திறந்தது. நாடக இயக்குநர் லெஸ் குர்பாஸ் 1922இல் கீவில் 'பெரெஸில்' நாடக அமைப்பைத் தொடங்கினார். 1926இல் அது அன்றைய தலைநகரமான கார்கிவுக்கு மாறியது. ஐரோப்பாவின் எந்த நவீன மேடையோடும் ஒப்பிடத்தக்க வேலை. 1929இல் அங்கே மிக்கோலா குலிஷ் எழுதிய 'மினா மஸாய்லோ' மேடையேறியது. கார்கிவின் ஒரு குமாஸ்தா, தன் உக்ரைனியக் குடும்பப்பெயரால் வாழ்க்கையில் முன்னேற முடியவில்லை என்று நம்பி, அதை 'மஸேனின்' என்று ரஷ்ய ஒலி வரும்படி மாற்றத் துடிக்கிறார். மகன் எதிர்க்கிறான். குர்ஸ்கிலிருந்து வரும் மோத்யா அத்தை, உக்ரைனியமாக்கப்படுவதைவிடக் கற்பழிக்கப்படுவதே கண்ணியம் என்று அலறுகிறாள். எல்லோரும் நகரவாசிகள். மொழி, வெட்கம், பதவி ஆசை எல்லாம் நகரத்து வீட்டு வரவேற்பறையில் நடக்கின்றன. நாடகம் சிரிக்கவைத்தது. அந்தச் சிரிப்பு உக்ரைனியரின் பேச்சைக் குறிவைக்கவில்லை. தன் பேச்சை எண்ணி வெட்கப்படுபவரைக் குறிவைத்தது.

1937 நவம்பர் 3 அன்று, கரேலியாவின் சந்தர்மோக் காட்டில், குர்பாஸும் குலிஷும் சோவியத் ரகசியக் காவல்துறையால் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்தத் தலைமுறையில் அழிந்தவர்கள் ஏராளம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1932–33 பஞ்சத்தில், உக்ரைனில் சுமார் 35 முதல் 40 லட்சம் பேர் செத்தார்கள். தானியத்தைப் பதுக்கும் கஞ்சக் குடியானவன் என்ற உருவம் அன்றைய பிரச்சாரத்தில் எங்கும் இருந்தது. சிரிப்புக் கதைகளில் கொழுப்பை ஒளித்துவைத்துத் தின்னும் உக்ரைனியன் அதற்கு வெகு காலம் முன்பே ரஷ்ய வாசகருக்கு அறிமுகம். வீட்டு மூலையில் கடப்பாரையால் தோண்டி கடைசிப் படி கோதுமையைப் பிடுங்கிக்கொண்டுபோனவர்களுக்கு அந்த அறிமுகம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மேடையில் மிஞ்சியது பழைய வேடம். போருக்குப் பிந்தைய சோவியத் ஒன்றியம் முழுதும் கொண்டாடிய இரட்டையர் தாராபுன்காவும் ஷ்தெப்செலும். நெடிய தாராபுன்கா உக்ரைனியமும் ரஷ்யமும் கலந்து பேசுவார். குள்ளமான ஷ்தெப்செல் சுத்த ரஷ்யம் பேசுவார். இருவரும் திறமைசாலிகள். 1955இல் வந்த 'மக்சிம் பெரெபெலித்ஸா' படத்தில் குறும்புக்கார உக்ரைன் கிராமத்துப் பையன் சோவியத் ராணுவத்தில் சேர்ந்து ஒழுங்குக்கு வருகிறான். 1967இல் வந்த 'மலினோவ்கா கல்யாணம்', உள்நாட்டுப் போர்க்காலத்து உக்ரைன் கிராமத்தை ஆட்டபாட்டமாக்கி, சோவியத் காலத்தில் மிக அதிகம் பேர் பார்த்த படங்களில் ஒன்றானது. லட்சக்கணக்கானோர் மாண்ட அந்த உள்நாட்டுப் போர் உக்ரைன் மண்ணில் நடந்தால் மட்டும் இசை நாடகமாகிவிடுகிறது. விகாவுக்கான நாற்காலி அன்றே வீட்டுக்குள் போடப்பட்டுவிட்டது.

செவஸ்தோபோல் வசனம்

விகா மாஸ்கோவுக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2000இல், அலெக்சேய் பலபானோவின் 'சகோதரன் 2' என்ற ரஷ்யப் படம் வெளியானது. செச்னியப் போரிலிருந்து திரும்பிய தனிலா, இறந்துபோன நண்பனின் இரட்டைச் சகோதரனுக்காகச் சிகாகோ போகிறான். அங்கே அந்தச் சகோதரனை மிரட்டியிருந்தது ஓர் உக்ரைனியக் கும்பல். தனிலாவின் அண்ணன் விக்தர் கழிப்பறையில் ஓர் உக்ரைனியனைச் சுடுகிறான். அந்தக் காட்சியில் வரும் வசனம் ரஷ்ய மொழி பேசும் நாடுகள் எங்கும் பழமொழிபோல் பரவியது: "நாய்களா, செவஸ்தோபோலுக்கும் சேர்த்து நீங்கள் எனக்குப் பதில் சொல்வீர்கள்." திரையரங்குகளில் சிரிப்பு.

கிரிமியாவின் துறைமுகமான செவஸ்தோபோல் சட்டப்படி உக்ரைனின் நகரம். 1997 உடன்படிக்கையில் ரஷ்யாவும் அதை ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தது. கருங்கடல் கடற்படையைப் பிரித்துக்கொண்டு, துறைமுகத்தை 2017 வரை ரஷ்யா குத்தகைக்கு எடுத்திருந்தது. கதையின் உக்ரைனியக் கும்பல்காரனுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவன் உக்ரைனியன் என்பதே அவனுடைய குற்றப்பத்திரிகை. பதினான்கு ஆண்டுகள் கழித்து ரஷ்யா கிரிமியாவை இணைத்தபோது அந்த வசனம் மீண்டும் எங்கும் ஒலித்தது. 'ரஷ்யர்கள் போரில் தம்மவரைக் கைவிட மாட்டார்கள்' என்பதும் அதே படத்தில் தனிலா பேசுவது. 2022இல் போர் ஆதரவு விளம்பரத் தட்டிகளில் ஏறிய முழக்கத்தில் அதன் நிழல் தெளிவாகத் தெரிந்தது.

திரையைவிட மோசமான இடம் மலிவு விலைப் புத்தகங்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் ரஷ்யக் கடைகளில், உக்ரைனில் நடக்கப்போகும் போரைக் கற்பனை செய்யும் அதிரடி நாவல்கள் வரிசையாக வந்தன. க்ளெப் பப்ரோவின் 'இறந்து பிறந்தோரின் காலம்', கியோர்கி சவித்ஸ்கியின் 'போர்க்களம் உக்ரைன்', ஃபியோதர் பெரேஸினின் 'போர் 2010: உக்ரைன் முனை'. நேட்டோவின் கைப்பாவையான மேற்கு உக்ரைன் தேசியவாதிகள் கொடூரர்களாக வருவதும், கிழக்கில் நல்லவர்கள் எழுவதும் இந்த வகைக் கதைகளின் அடிப்படை. பெரேஸின் தோனெத்ஸ்க் நகரத்துக்காரர். 2014 கோடையில் அவர், தோனெத்ஸ்கில் அமைந்த ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாத ஆட்சியின் பாதுகாப்பு அமைச்சில் துணைப் பொறுப்பில் இருந்தார். பப்ரோவ் லுஹான்ஸ்கில் அதேபோன்ற ஆட்சியின் எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைவரானார். எழுதியவரே தன் நாவலுக்குள் நடந்து போவதை இவ்வளவு வெளிப்படையாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்பாகச் சிரிக்கும் தொடர் ஒரு பக்கம், வெறுப்பைக் கக்கும் நாவல் மறுபக்கம். இரண்டும் ஒரே கருத்தின் இரு முகங்கள் என்பதே இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது. உக்ரைனியன் தனக்கு ஒதுக்கிய வேடத்தில் இருக்கும்வரை வேடிக்கையானவன், நம்மவன், தம்பி. 'நான் தனி ஆள்' என்று சொன்ன கணமே துரோகி. நடுவில் மூன்றாவது இடமே கிடையாது. தன் நாட்டின் வரிவிதிப்பைப் பற்றிக் கவலைப்படும், உக்ரைனியம் பேசும், ரஷ்யாவைப் பற்றி நாள் முழுதும் நினைக்காத சாதாரண மருத்துவரோ ஆசிரியரோ அந்தக் கதை உலகில் இல்லை.

2022 பிப்ரவரி 24 அதிகாலை புதின் அறிவித்த போர் நோக்கங்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். முந்தைய ஜூலையில் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரையில் ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள். இப்போது சொல்வது, உக்ரைனை 'நாஜி நீக்கம்' செய்வது. நல்ல, எளிய, விடுதலைக்குக் காத்திருக்கும் தம்பிகள் பெரும்பான்மை. அவர்களைப் பிடித்துவைத்திருக்கும் துரோகிகள் ஒரு பிடி. 26ஆம் தேதி ரஷ்ய அரசின் ரியா நோவஸ்தி செய்தி நிறுவனம், போர் முடிந்து உக்ரைன் ரஷ்யாவிடம் திரும்பிவிட்டதாக ஒரு வெற்றிக் கட்டுரையை வெளியிட்டு, பிறகு நீக்கியது. ஒரு தொலைக்காட்சித் தொடரால் போர் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டாங்கிகளை அனுப்பியவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு, பொறுப்பு அவர்களுடையது. ஆனால் நான்கு கோடி மக்கள் எதிர்த்து நிற்பார்கள் என்பது அவர்கள் எண்ணத்தில் ஏறாததற்கும், அந்த மக்களைக் காலங்காலமாக எதிர்த்து நிற்கத் தெரியாதவர்களாகக் காட்டிய கதைகளுக்கும் உறவு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

விகாவின் ஊர் முற்றுகைக்குள்ளானது. மார்ச் 16 அன்று மரியுபோல் நாடக அரங்கின் மேல் குண்டு விழுந்தது. அதன் இரு பக்கத் தரையிலும் 'குழந்தைகள்' என்று வானத்திலிருந்து தெரியும்படி ரஷ்ய மொழியில் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது.

மேற்கு வாங்கிய கடன்

மேற்கத்தியக் கதைகளில் உக்ரைனியர் வந்தது தாமதமாக, பெரும்பாலும் ரஷ்யரின் மங்கலான நகலாக. 1995இல் 'சைன்ஃபெல்ட்' தொடரில், சுரங்க ரயிலில் இருவர் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டே உக்ரைன் பலவீனமானது என்று பேச, பக்கத்தில் நின்ற முரட்டு உக்ரைனியர் பலகையை அடித்து நொறுக்குகிறார். பிறகு ஆயுத வியாபாரிகள், கதிர்வீச்சுப் பாழ்நிலம், 2011இல் தொடங்கிய ஒரு நியூயார்க் உணவக நகைச்சுவைத் தொடரில் எந்நேரமும் ஆபாசமாகப் பேசும் உக்ரைனியச் சமையல்காரர். ஐரோப்பாவில் பெண் பாத்திரம் முன்னால் வந்தது: குடியுரிமைக்காகக் கிழவரை மணப்பவள், வீட்டைத் துடைப்பவள், உடலை விற்பவள். 2005இல் இங்கிலாந்தில் பெரும் வெற்றி பெற்ற மரினா லெவித்ஸ்காவின் நகைச்சுவை நாவலில், 84 வயதுக் கிழவரை மணக்கவரும் 36 வயது வாலன்தினா அப்படிப்பட்டவள். லெவித்ஸ்கா தானே உக்ரைனிய அகதிகளின் மகள். முன்னே போய்ச் சேர்ந்தவர்கள் பின்னே வருபவர்களைப் பார்க்கும் பார்வையும் அதில் கலந்திருக்கிறது. புலம்பெயர்ந்த எந்தச் சமூகத்துக்கும் அது புரியும்.

2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'எமிலி இன் பாரிஸ்' இரண்டாம் பருவத்தில் கீவ் நகரப் பெண் பெத்ரா வந்தாள். பிரெஞ்சு வகுப்பில் எமிலிக்குத் தோழியாகிறாள், கடைக்குப் போகிறார்கள், பெத்ரா பணம் கொடுக்காமல் துணிகளோடு வெளியேறுகிறாள். நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயமும் அவளுக்கு. நடித்தவர் தாரியா பான்சென்கோ, உக்ரைனிய நடிகை. அன்றைய உக்ரைன் பண்பாட்டு அமைச்சர் ஒலெக்சாந்தர் த்காசென்கோ நெட்ஃப்ளிக்ஸுக்கு முறையிட்டார்: இது கேலிச்சித்திரம், அவமதிப்பு, வெளிநாட்டில் உக்ரைனியரை இப்படித்தான் பார்க்கிறார்களா? தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் எங்கள் ஆண்களைக் கும்பல்காரர்களாகக் காட்டினார்கள், பிறகு கொஞ்சம் மாறியது, இங்கே மாறவில்லை என்றும் சொன்னார். ஒரு மென்மையான காதல் தொடருக்கு அமைச்சர் மட்டத்தில் எதிர்ப்பா என்று அப்போது பலர் புருவம் உயர்த்தினார்கள். எல்லையில் ரஷ்யப் படைகள் குவிந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. உலகம் நம்மை யாரென்று நினைக்கிறது என்பது அந்த அமைச்சருக்கு அன்று மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட.

தமிழ்த் திரையில் இந்தக் கேலி வரவில்லை, அடையாளமே வரவில்லை. 2022இல் வெளியான 'பிரின்ஸ்' படத்தின் நாயகி மரியா ரியாபொஷாப்கா உக்ரைனியர், வேடம் பிரிட்டிஷ் பெண். நம் ஊர் மாணவர்கள் கார்கிவிலும் வின்னித்ஸியாவிலும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்திலும், வெள்ளைத் தோல் என்றால் நமக்கு ஒரே நாடுதான்.

எதிர்வாதங்களை எடுத்துக்கொண்டால்

உண்மையில் இருந்த தீயவர்களைக் காட்டுவது எப்படிப் படிமம் ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாஜி வதைமுகாம்களில் காவலராகப் பணியாற்றிய உக்ரைனியர் உண்டு. 1943இல் வொலின் பகுதியில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படை பல்லாயிரம் போலந்து மக்களைக் கொன்றது. இவற்றைக் கதையாக்க யாருக்கும் உரிமை உண்டு, உக்ரைனியருக்குக் கடமையே உண்டு. நான் கேட்பது, அதே கதையில் வேறு உக்ரைனியர் இருக்கிறார்களா என்பது. 1942 ஆகஸ்ட் 9 அன்று ஆக்கிரமிக்கப்பட்ட கீவில், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கால்பந்து வீரர்கள் ஜெர்மன் அணியை 5–3 என்று வென்றார்கள். அதை வைத்து 2012இல் ரஷ்யாவில் எடுத்த 'மேட்ச்' படத்தில் வீரர்கள் ரஷ்யம் பேச, உக்ரைனியம் பேசுபவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியரின் கையாட்களாக வருகிறார்கள். செம்படையில் பல லட்சம் உக்ரைனியர் போரிட்டு மாண்டதைத் தெரிந்த எவருக்கும் இது பொய்யாகத் தெரியும். இங்கே பொய் எந்தத் தனி வசனத்திலும் இல்லை, மொழிகளைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது.

உக்ரைனியர்களே இந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு சம்பாதிக்கவில்லையா என்பது அடுத்த கேள்வி. போட்டுக்கொண்டார்கள். பொல்தாவாக்காரரான அந்திரி தனில்கோ, ரயில் நடத்துநர் வேர்கா செர்தியூச்காவாக வேடமிட்டு, கலப்பு மொழியில் பேசியே 2007 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் வரை போனார். ஸெலென்ஸ்கியின் 'குவார்த்தல் 95' குழுவும் மாஸ்கோ நகைச்சுவை மேடையில் வளர்ந்ததுதான். தன்னைத் தானே கேலி செய்துகொள்வதற்கும் மற்றவர் கேலிக்கு ஆளாவதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல. அதே குழு 2015இல் எடுத்த 'மக்கள் சேவகன்' தொடரில் ஸெலென்ஸ்கி நடித்த கதாநாயகன் கீவ் நகரத்து வரலாற்று ஆசிரியர். மிதிவண்டியில் போகிறவர், கடன் கட்டுகிறவர், கோபம் வந்து பேசிய பேச்சால் குடியரசுத் தலைவர் ஆகிறவர். மாஸ்கோவைச் சிரிக்கவைக்கும் அவசியம் இல்லாத ஓர் உக்ரைனியரை அந்தத் தொடர் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. 2019 குடியரசுத் தலைவர் தேர்தலில் அந்த நடிகருக்கு 73 சதவீத வாக்கு விழுந்ததில் இந்தப் பாத்திரத்துக்கும் பங்குண்டு.

அரசு செய்தது பெரும்பாலும் தடை. 2015இல் 'சகோதரன் 2' உக்ரைனில் தடையானது. 2014க்குப் பின் தயாரான ரஷ்யப் படங்களைத் திரையிடவும் சட்டம் தடை போட்டது. படையெடுப்பாளனின் வீரக்கதையைத் தன் திரையரங்கில் ஓட்டும்படி எந்த நாட்டையும் கேட்க முடியாது, ஆகவே எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் வெளிநாட்டு வாசகர் மனதிலுள்ள படத்தைக் கீவில் போடும் தடை மாற்றாது. அதை மாற்றும் வலு வேறு கதைகளுக்குத்தான் உண்டு, அவை வந்துகொண்டிருக்கின்றன.

அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். அந்திரி குர்கோவ் ரஷ்ய மொழியில் எழுதும் உக்ரைனிய எழுத்தாளர். 2018இல் வந்த அவருடைய 'சாம்பல் தேனீக்கள்' நாவலின் நாயகன் செர்கேய் செர்கேயிச், இரு படைகளுக்கும் நடுவே கைவிடப்பட்ட, கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் பகுதிக் கிராமத்தில் தங்கிவிட்ட தேனீ வளர்ப்பவர். முன்னாள் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர். ஊரில் மிஞ்சியது அவரும், பள்ளிக்கால எதிரி பாஷ்காவும் மட்டும். குண்டுச் சத்தம் தேனீக்களுக்கு ஆகாது என்று கூடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். ரஷ்ய இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற உக்ரைனியக் கதைசொல்லியான கோகோலின் ருதி பான்கோவும் ஒரு தேனீ வளர்ப்பவரே. ஆனால் செர்கேயிச் யாரையும் சிரிக்கவைக்க வரவில்லை.

செர்ஹி ஸதான் லுஹான்ஸ்க் பகுதியில் பிறந்து கார்கிவில் வாழும் கவிஞர். அவருடைய 2017 நாவல் 'இன்தெர்னாத்'. அதில் பாஷா என்ற பள்ளி ஆசிரியர், போர்முனைக்கு அப்பால் விடுதிப் பள்ளியில் மாட்டிக்கொண்ட தன் சகோதரியின் மகனை அழைத்துவரப் போகிறார். பாடம் எடுப்பது உக்ரைனிய மொழி, வீட்டில் பேசுவது ரஷ்யம். எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி வாழ்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தவர். வீரரும் அல்ல, துரோகியும் அல்ல, வேடிக்கை மனிதரும் அல்ல. ஜனவரி மாதப் பனியில், உடைந்த சாலைகளில், சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் 'நீ யார்' என்று துப்பாக்கியோடு கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்து, மூன்றாம் நாள் பையனோடு வீடு திரும்புகிறார்.